கூடங்குளம் உலையை ஒரு நாள் மூடினால், கழற்றும் செலவு யார் தலையில்?

கேள்வி: மூக்கையூர் வலைக்காரன்

வணக்கம். நான் சாயல்குடிப் பக்கம், மூக்கையூர். போன வாரம் காற்று பலமாக அடித்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தோம். என் மச்சான் கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். அவன் மூன்றாவது, நாலாவது உலைக் கட்டுமானம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியப்பா ஒன்று கேட்டார்: "கட்டுறது சரி, ஒரு நாள் மூடுவாங்கல்ல, அதைக் கழற்ற யார் காசு குடுப்பா?" மச்சானுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பெரியப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் படகில் பிடித்த மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்போம். அப்புறம் ஆள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்போம். வலை நாளைக்கே கிழியலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தப் பங்கில் யாரும் கை வைப்பதில்லை. அவர் கேட்டது, அந்த உலைக்கு வலைப் பங்கு மாதிரி ஏதாவது எடுத்துவைக்கிறார்களா என்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வடக்கே ஒருவர் இறால் பண்ணை போட்டார். நாலைந்து வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் நோய் வந்து இறால் எல்லாம் செத்ததும் மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. குழிகள் அப்படியே கிடந்தன. மதகுப் பலகை மட்டும் உப்பு பூத்து வெள்ளையாக இன்னமும் நிற்கிறது. பக்கத்தில் இருந்த எங்கள் கிணறு உப்பாகிப் போனது. அம்மா ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுத்தார். யாரிடம் போய்க் கேட்பது? சம்பாதித்த ஆள் ஊரிலேயே இல்லை.

கூடங்குளம் கடலும் எங்கள் கடலும் ஒரே மன்னார் வளைகுடாதான். அதனால் கேட்கிறேன். மூடிய அணுமின் நிலையத்தைக் கழற்ற எவ்வளவு ஆகும், அந்தப் பணம் இப்போதே சேர்கிறதா, சேர்ந்தால் யார் கையில் இருக்கிறது? உலை வேண்டும், வேண்டாம் என்ற சண்டைக்கு இதை இழுக்க வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: மண்டபம் பெரியவர்

தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உலையை நிறுத்தினால் செலவு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வருமானம்தான் அன்றைக்கே நிற்கும். எரிபொருள் கட்டுகள் வெளியே எடுத்த பிறகும் சூடாகவே இருக்கும். தண்ணீர்க் குளத்தில் பல ஆண்டு வைத்து ஆற்ற வேண்டும். அந்தக் குளத்துக்குப் பம்பு ஓட வேண்டும், தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும், இரவு பகல் ஆள் வேண்டும், துப்பாக்கியோடு காவல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்காமல் இத்தனை பேருக்கும் சம்பளம் போக வேண்டும்.

அப்புறம்தான் கழற்றும் வேலை. உலகத்தில் மூன்று வழி சொல்வார்கள். உடனே வெட்டிக் கழற்றுவது ஒன்று. பூட்டிவைத்துப் பல பத்தாண்டு கழித்துக் கழற்றுவது இன்னொன்று. அங்கேயே கான்கிரீட் போட்டு மூடுவது மூன்றாவது, அது பெரிய மின் உலைகளுக்கு அபூர்வம். ஏன் காத்திருக்கிறார்கள் என்றால், உலையின் எஃகில் உருவாகும் கோபால்ட்-60 என்ற பொருள் சுமார் 5.27 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 50 ஆண்டு கழித்து அது 700இல் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். உள்ளே போகும் ஆளுக்குக் கதிர்வீச்சு குறைவு. ஆனால் அதற்குள் அந்த உலையின் ஒவ்வொரு குழாயையும் தெரிந்து வைத்திருந்த ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். என் அனுபவத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. வரைபடத்தில் ஒரு வால்வு ஓர் இடத்தில் இருக்கும், உண்மையில் இரண்டடி தள்ளி இருக்கும். அது கையால் திருகியவனுக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் பணம் எப்படிச் சேர்கிறது? நிலையங்களை நடத்தும் அரசு நிறுவனமான அணுமின் கழகம், விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா டீகமிஷனிங் கட்டணமாக, அதாவது கழற்றும் செலவுக்காக, விலையோடு சேர்த்து வாங்கி, தனி நிதியில் போடுகிறது. உங்கள் பெரியப்பா சொன்ன வலைப் பங்கு இதுதான். ஆக, பங்கு எடுத்துவைக்கிறார்கள் என்பது உண்மை.

இப்போது கணக்கு. 1,000 மெகாவாட் உலை ஒன்று 80 சதவீதம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி யூனிட். இரண்டு பைசா என்றால் 14 கோடி ரூபாய். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைக்கும் சேர்த்து 28 கோடி. 40 ஆண்டு ஓடுகிறது என்று வைத்தால், வட்டி இல்லாமல் 1,120 கோடி. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலை ஒன்று 70 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 2.7 கோடி ரூபாய்தான் சேரும்.

செலவுக்கு ஒப்பிட ஓர் உதாரணம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கடலோரத்தில் மெயின் யாங்கி என்று ஒரு நிலையம் இருந்தது. ஒரே உலை, 900 மெகாவாட் அளவு. 1997இல் மூட முடிவெடுத்து 2005இல் கழற்றி முடித்தார்கள். 50 கோடி டாலருக்கு மேல் ஆனது. இன்றைய மாற்று மதிப்பில் 4,000 கோடி ரூபாயைத் தாண்டும், அதுவும் இருபது வருடத்துக்கு முந்தைய விலையில். இங்கே கூலி குறைவு, அதனால் அந்தத் தொகையை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் இடைவெளி எவ்வளவு என்று ஒரு மதிப்புக் கிடைக்கும்.

---

பதில்: கீழக்கரை கணக்கர்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் துபாயில் கணக்கு வேலை. ஐயா சொன்னதற்கு மேல் பணத்தின் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

இந்த 2 பைசா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பு, 36 ஆண்டில் எட்டு மடங்கு. அன்றைக்கு 2 பைசா போதும் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கின்படியே இன்றைக்கு 16 பைசா வாங்கியிருக்க வேண்டும். சேர்ந்த பணத்துக்கு வட்டி வரும், சரி. ஆனால் இன்றைக்கு உள்ளே போகும் 2 பைசாவே எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துபோய்த்தானே உள்ளே போகிறது. வட்டி அதைச் சரிக்கட்டாது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், நன்றாக ஓடும் உலைதான் நிறையச் சேர்க்கும். அடிக்கடி பழுதாகிப் படுத்துக் கிடக்கும் உலை கொஞ்சம்தான் சேர்க்கும். ஆனால் கழற்றும் செலவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ராஜஸ்தானில் ராவத்பாட்டாவில் முதல் உலை 1973இல் தொடங்கியது. உலையின் ஓரக் கவசத்தில் கசிவு வந்து, திறனை 100 மெகாவாட்டாகக் குறைத்து, 2004இலிருந்து நின்றே கிடக்கிறது. அதன் பங்காக எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற உலைகளின் காசும் ஒரே நிதியில் கிடப்பதால் சமாளிக்கலாம் என்பார்கள். அப்படியென்றால் கூடங்குளத்தின் பங்கு கூடங்குளத்துக்கே மிஞ்சுமா என்ற கேள்வி உடனே வருகிறது. வலைக்காரத் தம்பி, உங்கள் படகு வலைப் பங்கை எடுத்துப் பக்கத்துப் படகுக்கு வலை வாங்கினால் உங்கள் பெரியப்பா ஒத்துக்கொள்வாரா?

வெளிநாட்டில் பணத்தை எப்படி வைத்தார்கள், எங்கே இடித்தது என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி டிரஸ்ட். கம்பெனி திவாலானாலும் கடன்காரர்கள் அதைத் தொடக் கூடாது என்பதற்காகவே தனியாக வைக்கிறார்கள். நிதி எவ்வளவு இருக்கிறது என்று ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குக் கொடுக்க வேண்டும், மூடும் காலம் நெருங்கினால் ஆண்டுதோறும். அப்படி இருந்தும் வெர்மான்ட் யாங்கி நிலையம் 2014 கடைசியில் நின்றபோது தேவை 124 கோடி டாலர், டிரஸ்டில் இருந்தது பாதிக்குச் சற்று மேல். கம்பெனி சொன்ன வழி, பூட்டிவைத்து 60 ஆண்டு வரை எடுத்துக்கொள்கிறோம், அதற்குள் நிதி வளர்ந்துவிடும் என்பது. அந்த நிதியிலிருந்து சொத்து வரி மாதிரியான செலவுகளுக்கும் எடுக்கப் பார்த்தபோது மாநில அரசு எதிர்த்து நின்றது. கடைசியில் 2019இல் கழற்றுவதையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நிலையத்தையும் நிதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் நிதி தீர்ந்து வேலை மிச்சமிருந்தால் என்ன என்ற கவலை அந்த ஊர்க்காரர்களுக்கு முதலிலிருந்தே இருந்தது.

பங்குச் சந்தையும் ஒரு ஆபத்து. 2008 சரிவில் பல நிலையங்களின் நிதி இறங்கிப்போய், அடுத்த ஆண்டு ஒழுங்குமுறை ஆணையம் பற்றாக்குறையை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டி வந்தது. சந்தை வேண்டாம், பத்திரமாகவே வைப்போம் என்றால் அதற்கும் விலை உண்டு. பிரிட்டனில் நிதியின் பெரும்பகுதியைக் குறைந்த வட்டியில் அரசிடமே வைத்தார்கள். கழற்றும் செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. 2020இலிருந்து அரசு 1,000 கோடி பவுண்டுக்கு மேல் மக்கள் வரிப் பணத்திலிருந்து போட்டது. அந்த மின்சாரத்தைப் பார்க்காத பிள்ளைகளும் அதற்கு வரி கட்டுவார்கள்.

---

பதில்: பரமக்குடி வயர்மேன்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலை மின்சாரத்தில் பாதிக்கு மேல் நமக்குத்தான் வருகிறது. காற்றாலை நின்றுபோகும் மாதங்களில் அது இல்லாமல் என்ன பாடு என்று லைனில் ஏறி நிற்பவனுக்குத் தெரியும். இன்றைக்கே 16 பைசாவாக ஏற்று என்றால் கடைசியில் அது மோட்டார் போடும் விவசாயி மேலும் சின்னக் கடைக்காரன் மேலும்தான் சுற்றிவந்து விழும். கழற்றும் காலம் வரும்போது தொழில்நுட்பம் மாறியிருக்கும், ரோபோ வந்திருக்கும், செலவு இறங்கும். தவிர அதே வளாகத்தில் புது உலைகள் ஓடும்போது காவலுக்கும் ஆளுக்கும் தனிச் செலவு இல்லை. கல்பாக்கத்தில் குளிர்விப்புக் குழாய்களை மொத்தமாக மாற்றி ஆயுளைக் கூட்டவில்லையா? அரசு நிறுவனம்தானே, தனியார் மாதிரி இரவோடு இரவாக ஓடிப்போகாது.

---

பதில்: மண்டபம் பெரியவர்

வயர்மேன் தம்பி சொல்வதில் பாதி உண்மை. ஒரே வளாகத்தில் பல உலை இருந்தால் செலவு குறையும். கல்பாக்கத்தில் குழாய் மாற்றி ஆயுளைக் கூட்டியதும் உண்மை, அந்த வேலை நடந்த காலத்தில் நானும் இந்தத் துறையில்தான் இருந்தேன். ஆனால் ஆயுளை நீட்டினால் கழற்றும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எஃகில் ஏறிய கதிரியக்கம் அதனால் குறையாது.

விலை விஷயம் பார்ப்போம். கூடங்குளம் மின்சாரம் யூனிட் நாலு ரூபாய்க்கு மேல் போகிறது. அதில் 2 பைசா அரை சதவீதம்கூட இல்லை. 10 பைசா ஆக்கினாலும் நாலு ரூபாயில் கூடுவது 8 பைசா. ஆகவே தாங்க முடியாத சுமை என்று சொல்ல முடியாது. இன்றைக்கு விளக்குப் போடுகிறவன் இன்றைக்கே கொடுப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

அரசு ஓடிப்போகாது என்பதும் சரிதான். லிதுவேனியா அரசும் ஓடிப்போகவில்லை. அங்கே இக்னாலினா என்று செர்னோபில் வகை உலை இரண்டு இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் மூடு என்றார்கள், 2004 கடைசியில் ஒன்று, 2009 கடைசியில் மற்றது. நினைத்த காலத்துக்கு முன்னாலேயே மூடியதால் நிதி சேரவில்லை, சின்ன நாடு, தாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்துத்தான் இன்றைக்கு வரை வேலை நடக்கிறது. நமக்கு அப்படிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மூடும் நாளை நாம் தேர்ந்தெடுப்போம் என்று நிச்சயமும் இல்லை.

---

பதில்: தொண்டி வக்கீல் அக்கா

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2010இல் வந்த அணு இழப்பீட்டுச் சட்டம் விபத்து நடந்தால் யார், எவ்வளவு கொடுப்பது என்பதற்காக வந்தது. விபத்தே இல்லாமல், வயதாகி மூடும் உலையைக் கழற்றும் செலவு அதில் வரவில்லை. நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கழற்றும் நிதி பற்றி நம் நாட்டில் பொதுவில் கிடைக்கும் முக்கியமான ஆவணம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் குறித்து 2012இல் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கை, அதாவது அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை. அதில் இரண்டு விஷயம் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கழற்றுவது எப்படி என்று வாரியம் கையேடு வெளியிட்டு 13 ஆண்டு கழிந்தும், 30 ஆண்டு ஓடிய நிலையங்களுக்கும், நின்றுபோனவற்றுக்கும்கூட ஒரு கழற்றும் திட்டம் இல்லை. அடுத்தது, நிதி சேர்க்க வேண்டும் என்று அன்றைய அணுசக்திச் சட்டத்திலோ விதிகளிலோ ஏற்பாடு இல்லை. சேரும் நிதி போதுமா என்று பார்க்கும் வேலையும் வாரியத்துக்கு இல்லை. திட்டம் இல்லாவிட்டால் செலவு தெரியாது. செலவு தெரியாமல் 2 பைசா போதுமா என்று எப்படிச் சொல்வது?

எரிபொருள் தனிக் கதை. கூடங்குளத்துக்கு சோவியத் ஒன்றியத்துடன் 1988இல் ஒப்பந்தம் போட்டபோது, பயன்படுத்திய எரிபொருளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பிறகு அது மாறி, இங்கேயே வைத்துக்கொள்வது என்றானது. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உலையை விட்டுத் தள்ளி ஒரு எரிபொருள் சேமிப்பிடம் ஐந்து ஆண்டுக்குள் வேண்டும் என்று சொன்னது. அந்தக் காலக்கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. ஐயா சொன்ன மெயின் யாங்கியில் கட்டடம் எல்லாம் போய்விட்டது, ஆனால் எரிபொருள் கலன்கள் 60 இன்னும் அங்கேதான் நிற்கின்றன, எடுத்துப்போக இடமில்லை. 1998இலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று அமெரிக்க அரசு சட்டப்படி வாக்குக் கொடுத்து, அதற்காகத் தனிக் கட்டணமும் வாங்கியது, எடுக்கவில்லை. நிலையக்காரர்கள் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கி அந்தக் காவல் செலவைச் சமாளிக்கிறார்கள். ஜெர்மனி இதைப் பிரித்துவிட்டது. 2017 ஜூலையில் நிலையக்காரர்களிடம் 2,410 கோடி யூரோ வாங்கி ஒரு பொது நிதியில் போட்டுக் கழிவைப் பாதுகாக்கும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது. உலையைக் கழற்றும் செலவு நிலையக்காரர்கள் தலையிலேயே இருக்கிறது. குறைந்தது, எந்தச் செலவு யாருடையது என்று எழுத்தில் இருக்கிறது.

மூக்கையூர்த் தம்பி, இறால் பண்ணை பற்றி எழுதியது மனசைப் பிசைந்தது. எங்கள் தொண்டிப் பக்கமும் அதே கதைதான். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், காந்தியவாதி ஜெகந்நாதன் போட்ட வழக்கில், கடலோரத் தடைப் பகுதியில் உள்ள பண்ணைகளை இடிக்க வேண்டும், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் உங்கள் கிணற்றுக்கு ஒரு பைசா வந்ததா? 2005இல் வந்த சட்டம் பண்ணைகளை அந்தத் தடையிலிருந்தே விலக்கிவிட்டது. காசு முன்கூட்டியே தனியாக இல்லாதபோது, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேட வேண்டியதுதான்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அணுமின் கழகத்துக்கும் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான். கேள்வியை உணர்ச்சியாக எழுதாதீர்கள், எண் கேளுங்கள். டீகமிஷனிங் நிதியில் கடந்த மார்ச் 31 அன்று இருந்த தொகை என்ன, அது எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது, ஆண்டு வருவாய் என்ன, நிலையம் வாரியாகப் பிரித்துக் கணக்கு உண்டா, 2 பைசா கடைசியாக எப்போது மறு ஆய்வு செய்யப்பட்டது, 2012க்குப் பிறகு கூடங்குளத்துக்குக் கழற்றும் திட்டம் தயாராகி இருந்தால் அதன் நகல். கழகத்தின் ஆண்டறிக்கையில் நிதியின் தொகை வரும், அதை முதலில் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் சுற்றிவளைத்துப் பதில் வந்தால் தெரியும்.

---

பதில்: மூக்கையூர் வலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை முழுக்கப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணக்கர் பாய் எழுதிய, பக்கத்துப் படகுக்கு வலை வாங்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம், "பங்கு எடுத்துவைக்கிறது பெருசில்ல, மாசா மாசம் எல்லார் முன்னாடியும் எண்ணிக் காட்டணும், அதான் வலைப் பங்கு" என்றார். எங்கள் படகில் நோட்டு எழுதுவது நான்தான், அமாவாசைக்கு அமாவாசை எல்லோர் முன்னாலும் வாசிப்பேன்.

அக்கா சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிவிட்டேன். நிலையம் வாரியாகக் கணக்கு உண்டா என்பதை முதல் கேள்வியாகப் போடுகிறேன். இன்னும் ஒன்று சேர்க்கலாமா? கலன்களுக்குக் காவல் நிற்கும் செலவு இந்த 2 பைசாவுக்குள் வருகிறதா, வெளியேயா என்று. வயர்மேன் அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் கம்பெனி ஓடாது, எங்களுக்கும் தெரியும்.

---

பதில்: தொண்டி வக்கீல் அக்கா

சேருங்கள் தம்பி, அது முக்கியம். அமெரிக்க ஆணையம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையில் அந்த எரிபொருள் காவல் செலவு சேராது, கட்டடங்களை இடித்து நிலத்தைச் சீர் செய்வதும் சேராது. இங்கே எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம். மனுவைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். தமிழிலேயே எழுதுங்கள், கூடவே ஆங்கிலப் பிரதி ஒன்று நான் தயார் செய்கிறேன், மும்பை அலுவலகத்துக்குப் போகிறது அல்லவா. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், 30 நாள் கணக்கு அவர்கள் கைக்குப் போன தேதியிலிருந்துதான்.